ஸ்ப்ரே பெயிண்ட் வேலைக்கு மாஸ்க் மட்டும் போதுமா, கிளவ்ஸ் எதுக்கு?

மார்ச் 2, இரவு 10.40 (வாசகர் கேள்வி)

சிங்கப்பூர்ல, காக்கி புக்கிட்ல கார் ஒர்க்‌ஷாப்ல ஸ்ப்ரே வேலை பாக்குறேன். டூ-கே கிளியர் கோட்தான் (கலருக்கு மேல அடிக்கற பளபளப்புப் பூச்சு) அதிகம். மாஸ்க் ஒழுங்கா போட்டுடுவேன், அதுல குறை இல்ல. ஆனா கிளவ்ஸ் போட்டா அரை மணி நேரத்துல கை வேர்வையில ஊறிடுது, ஸ்ப்ரே கன் டிரிக்கர் பிடிமானமே தெரியமாட்டேங்குது. பெயிண்ட் புகை மூச்சுலதானே உள்ள போகுது? கையில பட்டா தின்னர் போட்டு துடைச்சா போயிடப்போகுது. கிளவ்ஸ் நிஜமாவே அவசியமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 2, இரவு 11.55

அவசியம் தம்பி. நான் முதல்ல துவாஸ்ல கப்பல் யார்டுல பெயிண்டர், அப்புறம் ஊபில கார் ஒர்க்‌ஷாப், இப்ப கோட்டிங் சூப்பர்வைசர். அந்த அனுபவத்துல சொல்றேன்.

நீங்க எழுதினதுல எனக்கு பயமா இருந்த வரி "தின்னர் போட்டு துடைச்சா போயிடும்"கறதுதான். போகாது. தோல் மேல இருக்கற எண்ணெய்ப் பசைதான் நம்ம கைக்கு இயற்கையா இருக்கற காவல். தின்னர் முதல்ல அதைக் கரைச்சு எடுத்துடும், அப்புறம் அதுல கரைஞ்ச பெயிண்டையும் அதை இறுக வைக்கற ஹார்ட்னரையும் சேர்த்து உள்ள கூட்டிக்கிட்டு போகும். கண்ணுக்கு கை சுத்தமா தெரியும், அவ்வளவுதான்.

டூ-கேன்னா ரெண்டு டப்பா. ஒண்ணு பெயிண்ட், இன்னொண்ணு ஹார்ட்னர். அந்த ஹார்ட்னர்ல இருக்கறது ஐசோசயனேட், கார் பெயிண்ட்ல பெரும்பாலும் எச்.டி.ஐ. வகை. இதால வர்ற ஆஸ்துமா ஸ்ப்ரே பெயிண்டர்களுக்கு உலகம் பூரா தெரிஞ்ச வியாதி. இது மூச்சுல போனாத்தான் கெடுதின்னு எல்லாரும் நினைக்கறோம். தோல் மேல பட்டாலும் உடம்பு அதை எதிரியா அடையாளம் வெச்சுக்கும். விலங்குகளுக்கு தோல்ல மட்டும் தடவிப் பாத்திருக்காங்க, அப்புறமா கொஞ்சூண்டு மூச்சுல போனதுமே நுரையீரல் எகிறியிருக்கு. கை வழியா ஆரம்பிச்சு நெஞ்சுல போய் முடியுது. மாஸ்க் போட்டிருந்தாலும் இந்த வழி திறந்துதான் கிடக்கு.

மீதி நாளைக்கு, காலையில ஆறு மணிக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போற லாரி வந்துடும்.

மார்ச் 3, மதியம் 1.10

மாஸ்க் பத்தி ஒரு வார்த்தை. ஐசோசயனேட்டுக்கு வாசனையை நம்பக்கூடாது, கெடுதல் பண்ற அளவு காத்துல இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. நமக்கு அடிக்கறது தின்னர் வாடை. மாஸ்க்ல மாட்டற ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் தீந்துபோச்சான்னு வாசனையை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் பூத்துக்குள்ள (ஸ்ப்ரே அடிக்கற அறை) காத்து ஹோஸ் வர்ற மாஸ்க் நல்லதுன்னு சொல்றாங்க. ஸ்ப்ரே முடிஞ்ச கையோட முகமூடியைத் தூக்கிட்டு ஃபினிஷிங் பாக்கறது ரொம்பப் பேர் பழக்கம். மிஸ்ட், அதான் காத்துல மிதக்கற பெயிண்ட் துளி, கண்ணுக்குத் தெரியாமலே கொஞ்ச நேரம் நிக்கும். பூத் காத்து முழுசா மாறற வரைக்கும் தூக்காதீங்க.

மார்ச் 3, இரவு 9.30

எங்கூட வேலை பாத்த ஒருத்தர் கதை, பேர் வேணாம். மன்னார்குடி பக்கம். கை நல்லா ஓடும், அவர் அடிச்ச கிளியர்ல ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளியே விழாது. வெறுங்கைதான் எப்பவும். கிளவ்ஸ் போட்டா கன்னோட பேச முடியலம்பார்.

சில வருஷம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ராத்திரி இருமல். டார்ம்ல, அதான் தொழிலாளர் விடுதியில, பக்கத்து பெட்காரங்க தூக்கம் கெடுதுன்னு புலம்புவாங்க, இவர் எழுந்து வெளிய போய் உக்காந்துப்பார். பகல்ல வேலை நேரத்துல பெருசா ஒண்ணும் தெரியாது. லீவுக்கு ஊருக்குப் போனா பத்து நாள்ல ஆள் தெளிஞ்சிடுவார், திரும்பி வந்து வேலையில இறங்கின அதே வாரம் மறுபடி இருமல். வீட்டுல "சிங்கப்பூர் தண்ணி ஒத்துக்கல"ன்னு சொல்லி கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டாங்க. கிளினிக்குல இருமல் மருந்துதான் குடுத்தாங்க, ஏன்னா இவர் என்ன வேலை பாக்கறார்னு அவங்க கேக்கல, இவரும் சொல்லல.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. வேலை இல்லாத நாள்ல நல்லாயிட்டு வேலைக்கு வந்தா திரும்ப வந்துச்சுன்னா அது தண்ணியும் இல்ல காத்தும் இல்ல, வேலைதான். அடுத்தது, இந்த இருமல் வேலை முடிஞ்சு சாயங்காலமோ ராத்திரியோகூட வரும், அதனாலதான் யாரும் பெயிண்ட்டோட முடிச்சுப் போட்டுப் பாக்கறதில்ல. டாக்டர்கிட்ட போனா முதல் வாக்கியமே "ஐசோசயனேட் பெயிண்ட் ஸ்ப்ரே பண்றேன்"னு இருக்கட்டும், ஹார்ட்னர் டப்பா லேபிளை போன்ல போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. ஒருதடவை உடம்பு அடையாளம் வெச்சுக்கிட்டா அப்புறம் ரொம்பக் கொஞ்சம் பட்டாலும் இழுப்பு வரும், ஸ்ப்ரே வேலையையே விட வேண்டியதாயிடும். அவர் விட்டுட்டார். அவ்வளவு நல்ல கை.

மார்ச் 4, காலை 7.05

லாரியில இருந்து எழுதறேன். ஒருத்தர் "அண்ணே இது போபால்ல கசிஞ்ச அதே விஷமா"ன்னு கேட்டிருக்கார்.

குடும்பப் பேர் ஒண்ணு, ஆள் வேற. 1984 டிசம்பர்ல போபால்ல வந்தது மீதைல் ஐசோசயனேட், சட்டுனு ஆவியாகி ஊருக்குள்ள பரவற சரக்கு. நம்ம ஹார்ட்னர்ல இருக்கறது பெரும்பாலும் எச்.டி.ஐ.யைக் கோத்து பெரிய மூலக்கூறா ஆக்கினது, டப்பாவுல சும்மா இருக்கும்போது அவ்வளவா ஆவியாகாது. ஆனா கன்ல போட்டு அடிச்சா மிஸ்ட் ஆயிடுதே, அப்ப அது காத்துலயும் வரும் கையிலயும் படியும். டப்பாவைத் திறந்தா செத்துடுவோம்னு பயப்பட வேணாம், வாடை அடிக்கல அதனால ஒண்ணும் இல்லைன்னு விட்டுடவும் கூடாது.

மார்ச் 4, இரவு 10.15

சரி, எந்த கிளவ்ஸ். இதுலதான் காசும் போகுது கையும் போகுது.

நூறு உருப்படி டப்பாவுல வர்ற வெள்ளை லேடெக்ஸ், கிளினிக்குல நர்ஸ் போடுவாங்களே அது, ரத்தத்துக்கும் கிருமிக்கும் செஞ்சது. ஹார்ட்னரும் தின்னரும் அதுல சீக்கிரம் ஊடுருவிடும். கிழியாது, ஓட்டை தெரியாது, ஆனா உள்ள வந்துடும். இதுக்கு பர்மியேஷன்னு பேர், மூலக்கூறு மூலக்கூறா ரப்பர் வழியாவே நுழைஞ்சு மறுபக்கம் வர்றது. பாலிதீன் பையில கட்டின கருவாடு மணம் வெளிய வருதே, பை எங்கயும் கிழியலையே, அதேதான். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்து கார் பெயிண்ட் கடைங்களை வெச்சு இதைப் பத்தி ஆய்வே பண்ணியிருக்காங்க, அங்கயும் இந்த மெலிசு லேடெக்ஸ் பழக்கம்தான் பிரச்சினையா வந்திருக்கு.

ஸ்ப்ரே அடிக்கும்போது கையில படறது மிஸ்ட், தெறிப்பு. அதுக்கு ஒருதடவை போட்டுட்டு எறியற நைட்ரைல் சரியா வரும். தடிமன் பாருங்க. டப்பாவுல மில்லுன்னு போட்டிருந்தா 4 மில் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. அதுக்குக் கீழ இருக்கறதை நான் பூத்துக்குள்ள விடறதில்ல. 5, 6 மில் கிடைக்குது, கொஞ்சம்தான் விலை கூட. டிரிக்கர் ஃபீல் பத்திக் கேட்டீங்களே, 6 மில் நைட்ரைல் சரியான சைஸ்ல போட்டா டிரிக்கரும் தெரியும், ஸ்ப்ரே அகலத்தை மாத்தற ஃபேன் நாபைத் திருகறதும் தெரியும். ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் கை பழகிடும்.

மார்ச் 4, இரவு 10.50

கருப்பு கலர் கிளவ்ஸ் ஸ்ட்ராங்குன்னு ஒருத்தர் போட்டிருக்கார். கலருக்கும் பலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கருப்புல லேடெக்ஸும் வருது, நைட்ரைலும் வருது, வினைலும் வருது. தேக்கா பக்கம் கடையில வாங்கினாலும் சரி ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, டப்பாவுல எழுதியிருக்கற பொருள் பேரையும் தடிமனையும் படிங்க. வினைல் நம்ம வேலைக்கு வேணவே வேணாம்.

மார்ச் 5, இரவு 8.45

நேத்து எழுதினதைப் படிச்சிட்டு ரெண்டு பேர் "அப்ப நைட்ரைல் போட்டா முடிஞ்சது"ன்னு பதில் போட்டிருக்காங்க. முடியல. அது ஸ்ப்ரே அடிக்கற நேரத்துக்கு மட்டும். பெயிண்ட் கலக்கறதும் கன் கழுவறதும் தனிக் கதை, அதைத்தான் இன்னிக்கு எழுதலாம்னு உக்காந்தேன்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு நாள்ல கை எப்ப அதிகமா நனையுது? அடிக்கும்போது இல்ல. ஹார்ட்னர் டப்பா மூடியைத் திறக்கும்போது விளிம்புல வழியும், கப்புல ஊத்தும்போது சொட்டும், வேலை முடிஞ்சு கன்னைப் பிரிச்சு தின்னர்ல முக்கி பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது மணிக்கட்டு வரைக்கும் ஓடும். அப்பதான் நம்ம ஆளுங்க கிளவ்ஸைக் கழட்டி வெச்சுட்டு உக்காருவாங்க, "ஸ்ப்ரே முடிஞ்சிடுச்சுல்ல"ன்னு.

தின்னர்ங்கறது ஒரே சரக்கு இல்ல. டொலுயீன், சைலீன், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட்னு கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும். அசிட்டோன் மெலிசு நைட்ரைலை நிமிஷக் கணக்குலயே தாண்டிடும். பியூட்டைல் ரப்பர்னு தடியா கருப்பா ஒண்ணு வரும், அது அசிட்டோனுக்கு ரொம்ப நல்லது, ஐசோசயனேட்டுக்கும் நல்லது, ஆனா டொலுயீன் சைலீனுக்கு ஆகாது. பி.வி.ஏ. கிளவ்ஸ் டொலுயீனுக்கு நல்லா தாங்கும், தண்ணி பட்டா கரையும், நம்ம ஊர் வேர்வைக்கு அது சரிப்படாது. எல்லாத்துக்கும் தாங்கறது லேமினேட், பல அடுக்கு பிளாஸ்டிக் ஃபிலிம், சாக்லேட் கவர் மாதிரி மொரமொரன்னு இருக்கும், கைக்குப் பொருந்தாது. நாங்க பண்றது உள்ள லேமினேட், மேல தடி நைட்ரைல். பிடிமானமும் இருக்கும் காவலும் இருக்கும். கன் வாஷ் மெஷின் இருக்கற இடம்னா கை நனையற வேலையே பாதி குறைஞ்சிடும், முதலாளி காசு செலவு பண்ணலாம்னு நினைச்சா முதல்ல அதை வாங்கச் சொல்லுங்க.

உங்க தின்னர்ல என்ன இருக்குன்னு டப்பாவை மட்டும் பாத்தா தெரியாது. எஸ்.டி.எஸ்., அதான் கெமிக்கலோட பாதுகாப்புத் தகவல் தாள், அதைக் கேளுங்க, ஸ்டோர்ல இருந்தாகணும். மூணாவது பிரிவுல என்ன கலவைன்னு இருக்கும், எட்டாவது பிரிவுல எந்த கிளவ்ஸ்னு இருக்கும். சில எஸ்.டி.எஸ்.ல "தகுந்த கிளவ்ஸ் அணியவும்"னு மட்டும் போட்டு விட்டிருப்பாங்க, அப்ப சப்ளையருக்கு மெயில் போட்டுக் கேக்கணும், நான் கேட்டு வாங்கியிருக்கேன், பதில் வரும்.

மார்ச் 5, இரவு 9.20

கிளவ்ஸ் பாக்கெட்ல குடுவை படம் போட்டு கீழ எழுத்துங்க இருக்குமே, அது என்னன்னு கேட்டவருக்கு. அது ஈஎன் ஐஎஸ்ஓ 374 தர முத்திரை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கெமிக்கல். பி அசிட்டோன், எஃப் டொலுயீன், ஐ எதைல் அசிடேட், ஜே ஹெப்டேன். நமக்கு முக்கியம் பி, எஃப், ஐ மூணும். டைப்புன்னும் தனியா போட்டிருக்கும், அந்த ஏ, பி, சி இந்த கெமிக்கல் எழுத்து இல்ல, வேற. ஏ டைப்புன்னா குறைஞ்சது ஆறு கெமிக்கலுக்கு 30 நிமிஷமாவது தாங்கியிருக்கணும், பி டைப்புன்னா மூணுக்கு 30 நிமிஷம், சி டைப்புன்னா ஒண்ணே ஒண்ணுக்கு 10 நிமிஷம். ஏ டைப்புன்னு வாங்கிட்டு வந்தா அந்த ஆறுல அசிட்டோனே இல்லாமலும் இருக்கலாம், காஸ்டிக்கும் ஆசிடும் மாதிரி வேற சரக்கா இருக்கலாம். டைப்பைப் பாத்து நிக்காதீங்க, எழுத்தைப் படிங்க.

அந்த நிமிஷமெல்லாம் லேப்ல 23 டிகிரி வாக்குல வெச்சு எடுத்த கணக்கு. நம்ம கைக்குள்ள சூடு அதிகம், கிளவ்ஸை இழுத்து மடக்கி வேலை செய்யறோம், கலவையும் வேற. சூடு கூடினா ஊடுருவறதும் வேகமாகும். 30 நிமிஷம்னு போட்டிருந்தா 30 நிமிஷம் ஓட்டாதீங்க.

மார்ச் 6, காலை 6.50

முதல் சொட்டு பட்டதுல இருந்து நேரம் ஓட ஆரம்பிச்சிடும். கிளவ்ஸைக் கழட்டி வெச்சு சாப்பிட்டுட்டு வந்தாலும் நிக்காது, உள்ள புகுந்த சரக்கு ரப்பருக்குள்ளயே நகர்ந்துக்கிட்டு இருக்கும். மத்தியானம் அதையே திரும்ப மாட்டினா உள்பக்கத்துல அது காத்திருக்கும். ஒருதடவை கிளவ்ஸை ஒருதடவைதான்.

மார்ச் 6, இரவு 9.40

கையில கயிறு.

இதை யாரும் எழுதி நான் பாத்ததில்ல, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன். நம்ம பசங்க கையில கோயில்ல கட்டின சிவப்புக் கயிறு, கருப்புக் கயிறு, அம்மா ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறப்ப கட்டிவிட்ட மஞ்சள் கயிறு, ஏதாவது ஒண்ணு இருக்கும். நூல் கயிறு தின்னரையும் ஹார்ட்னரையும் நல்லா உறிஞ்சும். கிளவ்ஸ் கஃப்புக்கு (மணிக்கட்டுப் பக்க விளிம்பு) கீழ அது ஈரமா ஒட்டிக்கிட்டு, சாயங்காலம் குளிக்கற வரைக்கும், ஏன் குளிச்ச பிறகும் தோல் மேலயே கிடக்கும். கயிறு போற வட்டத்துல மட்டும் தடிச்சு சிவந்து அரிக்கற கையை நான் ஒரு தடவை இல்ல பல தடவை பாத்திருக்கேன். கழட்டச் சொன்னா மனசு வராது, அம்மா கட்டினது, எனக்கும் அது புரியும். நான் சொல்றது, முழங்கைக்கு மேல மாத்திக் கட்டிக்கோங்க, உடம்பு முழுக்க மூடற கவரால் உடுப்புக்குள்ள பத்திரமா இருக்கும். மோதிரத்துக்கும் இதேதான், அடியில போய் தங்கிடும், மெலிசு கிளவ்ஸைக் கிழிக்கவும் செய்யும். கழுத்து செயின்ல கோத்துப் போட்டுக்கோங்க.

கஃப் விஷயம் இதோட சேர்ந்ததுதான். கிளவ்ஸ் நீளமா இருக்கணும், கவரால் கையோட சேர்ற இடத்துல இடைவெளி இருக்கக்கூடாது. கூரைக்கு, பேனலுக்கு மேல்பக்கம் பாத்து அடிக்கறப்போ சொட்டு கை வழியா முழங்கை நோக்கி ஓடும், அப்ப கிளவ்ஸ் கஃப்பை வெளிப்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சு விட்டா சொட்டு அதுல நிக்கும்.

மார்ச் 7, மதியம் 12.50

வேர்வை. கேள்வி கேட்ட தம்பி முதல்ல சொன்னதே இதுதான், நான் இன்னும் அதுக்கு வரல.

உள்ள மெல்லிசா ஒரு காட்டன் கிளவ்ஸ் போட்டு மேல நைட்ரைல் போடுங்க. காட்டன் வேர்வையை இழுத்துக்கும், கை ஊறாது. நாலஞ்சு ஜோடி வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி போடணும், தினம் தோய்க்கணும், பெயிண்ட் பட்ட காட்டன்னா தூக்கிப் போட்டுடணும். நைட்ரைல் ஒரு சைஸ் பெருசா எடுங்க. பவுடர் போட்ட கிளவ்ஸ் வேணாம், வேர்வையும் பவுடரும் சேர்ந்து தோலை அரிக்கும், பவுடர் கிளியர் கோட்ல விழுந்தாலும் ஃபினிஷிங் போச்சு.

வெளிய வெயில்ல அடிக்கறவங்களுக்கு ஒண்ணு. 2023 அக்டோபர்ல மனிதவள அமைச்சு வெப்ப விதி கொண்டுவந்துச்சு, டபிள்யூ.பி.ஜி.டி.ன்னு சூடு, ஈரப்பதம், வெயில், காத்து எல்லாம் சேர்த்துக் கணக்கு போடற அளவு 32 டிகிரி தொட்டா வெளிய கடினமான வேலை செய்யறவங்களுக்கு மணிக்கு 10 நிமிஷமாவது ஓய்வு குடுக்கணும். அந்த 10 நிமிஷத்தையே கிளவ்ஸ் மாத்தற நேரமா வெச்சுக்கிட்டோம் எங்க டீம்ல. கழட்டி, கையைக் கழுவி, காய விட்டு, தண்ணி குடிச்சு, புது ஜோடி. தனியா ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்ல.

மார்ச் 7, இரவு 10.30

யார்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், "எங்களுக்கு எபாக்ஸிதான், ஐசோசயனேட் இல்ல, அப்ப பிரச்சினை இல்லல்ல?" இருக்கு. எபாக்ஸியும் ரெண்டு டப்பா கலக்கற பெயிண்ட்தான், தோல் அலர்ஜிக்குப் பேர் போனது. விரல் இடுக்குல, மணிக்கட்டுல, சில பேருக்கு கண் இமையிலகூட வரும், கையால முகத்தைத் தொடறோம்ல. ஒருதடவை அலர்ஜி ஒட்டிக்கிச்சுன்னா எபாக்ஸி இருக்கற வேலை எதுவும் செய்ய முடியாது. லேடெக்ஸ் இதுக்கும் ஆகாது. யார்டுல மேல் கோட்டா பாலியூரிதேன் அடிக்கற கப்பலும் உண்டு, அதுல ஐசோசயனேட் வந்துடும். எது கலக்கறோம்னு டப்பாவைப் பாருங்க.

ஆனா யார்டுக்காரங்களுக்கு இதைவிட அவசரமா சொல்ல வேண்டியது ஏர்லெஸ் கன், அதான் காத்து இல்லாம பம்ப் பிரஷர்லயே பெயிண்டைத் தள்ளற கன். அதோட பிரஷர் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. நாசில் அடைச்சுக்கிச்சுன்னு விரலை வெச்சுப் பாத்தா பெயிண்ட் தோலைத் துளைச்சு உள்ள ஏறிடும். எந்த கிளவ்ஸும் அதைத் தடுக்காது, தடி கிளவ்ஸும் சேர்த்துத்தான். வெளிய பாத்தா முள்ளு குத்தின மாதிரி ஒரு புள்ளி, வலிகூட முதல்ல பெருசா இருக்காது, ஆளு துணியைச் சுத்திக்கிட்டு வேலையைத் தொடருவார். உள்ள பெயிண்ட் விரல் நரம்பு வழியா உள்ளங்கை வரைக்கும் போய் சதையை அழுக வெச்சுக்கிட்டிருக்கும். சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி சுத்தம் பண்ணலன்னா விரலையே எடுக்க வேண்டி வரும். புள்ளிதானேன்னு டார்ம்ல போய்ப் படுக்காதீங்க. பக்கத்து கிளினிக்கும் வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, "ஹை பிரஷர் பெயிண்ட் இன்ஜெக்‌ஷன்"னு இந்த வார்த்தையிலயே சொல்லுங்க, எஸ்.டி.எஸ்.ஸைக் கையோட கொண்டுபோங்க. நாசில் தொடறதுக்கு முன்னாடி பம்ப் ஆஃப், பிரஷர் ரிலீஸ், டிரிக்கர் லாக். ஹெல்பருக்கும் இதைச் சொல்லிக் குடுங்க, நாசிலை எடுத்துக் குடுக்கறது பெரும்பாலும் அவர்தான்.

மார்ச் 8, காலை 11.00

ஞாயித்துக்கிழமை. கை கழுவறதைப் பத்தி.

தின்னர் வேணாம்னு சொல்லிட்டேன், அப்ப எதுல? கையில பட்டதும் உடனே தண்ணியும் மைல்டு சோப்பும். காஞ்சு போச்சுன்னா தண்ணி தேவையில்லாத பேஸ்ட் மாதிரி ஹேண்ட் கிளீனர் விக்கறாங்க, மெக்கானிக்குங்க போடறது, அதைத் தேய்ச்சு அப்புறம் சோப்பு. சமையல் எண்ணெய் தேய்ச்சுத் துடைச்சா காயாத பெயிண்ட் நிறைய வந்துடும், அது தின்னரைவிட எவ்வளவோ மேல். வேலைக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா கிளவ்ஸே வேணாம்னு ஒரு பேச்சு எல்லா ஒர்க்‌ஷாப்லயும் ஓடுது. எண்ணெய் கரைப்பானைத் தடுக்காது, கரைஞ்சு போகும். பேரியர் கிரீமும் கிளவ்ஸுக்குப் பதில் ஆகாது. தேங்காய் எண்ணெயைக் குளிச்சிட்டு ராத்திரி படுக்கும்போது தடவுங்க, தோல் வெடிக்காம இருக்கும், வெடிச்ச தோல் வழியா எதுவும் சுலபமா உள்ள போகும்.

நாம கையால சாப்பிடறவங்க. கேட்டரிங் சாப்பாடு வந்துடுச்சு, தண்ணிக் குழாய் தூரம்னு பேப்பர்ல துடைச்சுட்டு சோத்தைப் பிசையறதைத் தினம் பாக்கறேன். டீமுக்கு ஒரு இருபது லிட்டர் டப்பாவுல தண்ணி, ஒரு சோப்பு. சூப்பர்வைசருங்க யாராவது இதைப் படிச்சா நாளைக்கே வைங்க.

கிளவ்ஸ் போட்டா சிகரெட் பத்தவைக்க முடியலன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். தின்னர் இருக்கற இடத்துல கிளவ்ஸ் அந்த நல்ல காரியத்தையும் சேர்த்துப் பண்ணுதுன்னு நினைச்சுக்கோங்க அண்ணே.

மார்ச் 8, இரவு 9.15

"கம்பெனியில கேட்டா லேடெக்ஸ்தான் ஸ்டோர்ல இருக்குங்கறாங்க, நாங்களே வாங்கணுமா?"

வேணாம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006ல இருந்து இருக்கு, 2011 செப்டம்பர்ல இருந்து எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். ஆபத்து என்னன்னு மதிப்பீடு செஞ்சு தகுந்த பாதுகாப்பு சாதனம் குடுக்கறது முதலாளி பொறுப்பு. குடுத்ததைப் போடறது நம்ம பொறுப்பு, அதுவும் சட்டத்துல இருக்கு. தொழில் ஆஸ்துமாவும் தொழில்சார் தோல் நோயும் அந்தச் சட்டத்தோட நோய்ப் பட்டியல்ல இருக்கு, டாக்டர் கண்டுபிடிச்சா அமைச்சுக்குத் தெரியப்படுத்தணும். ஐரோப்பாவுல இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க, 2023 ஆகஸ்ட் 24ல இருந்து 0.1 சதவீதத்துக்கு மேல டைஐசோசயனேட் இருக்கற சரக்கைத் தொடறவங்க பயிற்சி எடுத்தே ஆகணும். ஐரோப்பாவுல இருந்து வர்ற ஹார்ட்னர் டப்பாவுல இந்த வரி அச்சடிச்சிருக்கும், பாருங்க.

ஸ்டோர்ல கேக்கும்போது "நல்ல கிளவ்ஸ் வேணும்"னு கேட்டா ஒண்ணும் நடக்காது. ஸ்டோர் கீப்பருக்கு எல்லா கிளவ்ஸும் ஒண்ணுதான், அவர் மேல தப்பு இல்ல. நான் ஹார்ட்னர் எஸ்.டி.எஸ்.ஓட எட்டாவது பிரிவை பிரிண்ட் எடுத்து, வேண்டிய கிளவ்ஸ் பேர், தடிமன், சைஸ் எழுதி வேலைக்கு முன்னாடி நடக்கற பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சேஃப்டி ஆபீசர் கையில குடுத்தேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பண்ணோம். லேடெக்ஸ் ஒண்ணு, நைட்ரைல் ஒண்ணு, வெறும் கிளவ்ஸை விரல் பக்கமா எங்க தின்னர்ல முக்கி வெச்சோம், மீட்டிங் முடியறதுக்குள்ள லேடெக்ஸ் விரல் உப்பி தொளதொளன்னு ஆயிடுச்சு. நைட்ரைலும் கொஞ்ச நேரத்துல மெத்துனு ஆகி இழுத்தா பிஞ்சு வந்துச்சு. பேசாமலே எல்லாருக்கும் புரிஞ்சது. உப்பறதும் ஊடுருவறதும் வேற வேற, உப்பாத கிளவ்ஸ்லயும் உள்ள போகும், அதையும் சொன்னேன். ஆனா கண்ணால பாத்தது மனசுல நிக்குதே.

மார்ச் 9, இரவு 10.05

ஒரு விஷயம் விட்டுப்போகக்கூடாது, ஸ்ப்ரே அடிக்காதவங்களைப் பத்தி. மாஸ்கிங் டேப் உரிக்கற ஹெல்பர், மறுநாள் சாண்டிங் பண்றவர், பாலிஷ் போடறவர். தொட்டா ஒட்டலங்கறதுக்காக உள்ள ஹார்ட்னர் முழுசா வேலையை முடிச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கப்புறமும் ரொம்ப நேரம் மேல்பரப்புல மிச்சம் இருக்கும். பேப்பர்ல வழிஞ்ச பெயிண்ட் காயாமலே இருக்கும், அதை வெறுங்கையில சுருட்டி அமுக்கித் தொட்டியில போடுவாங்க. பெயிண்டர் கிளவ்ஸ் போட்டு ஹெல்பர் போடலன்னா பாதி வேலைதான் நடந்திருக்கு. தண்ணி பெயிண்ட்டுக்கு மாறிட்டோம் அதனால சேஃபுங்கறவங்களுக்கும் இதே பதில், கலர் குடுக்கற பேஸ் கோட்தான் தண்ணி, மேல அடிக்கற கிளியர் இன்னும் டூ-கேதான்.

கழட்டற முறையும் சொல்லிடறேன். ஒரு கிளவ்ஸை மணிக்கட்டுக்கு வெளிப்பக்கம் கிள்ளிப் பிடிச்சு உள்வெளியா உரிச்சு அதை இன்னொரு கைக்குள்ள வெச்சுக்கோங்க, வெறும் விரலை அடுத்த கிளவ்ஸுக்கு உள்பக்கம் விட்டு அதையும் உள்வெளியா உரிச்சா ரெண்டும் ஒரு பொட்டலமா வந்துடும். பல்லால விரல் நுனியைக் கடிச்சு இழுக்கற ஆளுங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேணாம்.

மார்ச் 10, காலை 6.40

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கார், நைட்ரைல் வாங்கிக் குடுத்துட்டாங்களாம், ஆனா எல் சைஸ் மட்டும்தானாம், விரல் நுனியில தொங்குதாம். உள்ளங்கையைச் சுத்தி, கட்டை விரலை விட்டுட்டு, டேப் வெச்சு அளங்க. எட்டு இன்ச் வந்தா எம், ஒன்பது வந்தா எல், ஏழுன்னா எஸ். உள்ள காட்டன் போடறதுனா ஒண்ணு கூட்டிக்கோங்க. டீம்ல எல்லார் அளவும் எடுத்து ஒரே பேப்பர்ல எழுதிக் குடுத்தா ஸ்டோர்ல கலந்து ஆர்டர் போடுவாங்க, ஒரே சப்ளையர்கிட்ட ஒரே விலைதான் வரும்.